நீலம் சொல்லும் சேதி

வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்புதான். ஆனால் அதில் அயோடின் இருக்கிறதா? மலைக்குடும்பங்களுக்கு முக்கியமான கேள்வி இது.

வாளையாறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பிளஸ் டூ ஆய்வகத்தில் உப்புக் கரைசலுக்கு நேர்வது ஒன்றுதான். சில்வர் நைட்ரேட்டைச் சில சொட்டு விட்டால் தயிர் போன்ற வெண் வீழ்படிவு. அம்மோனியாவைச் சேர்த்தால் அது கரைந்துவிடும். குளோரைடு என்று மாணவர் எழுதிவிடலாம். ஆனால் அயோடின் கலந்த உப்பும் கலக்காத உப்பும் இந்தச் சோதனையில் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

போடிமெட்டும் குமுளியும் தாண்டி இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு விளையாட்டல்ல. மலைமண்ணின் அயோடினை மழை அரித்துச் சென்றுவிடுகிறது. அங்கு விளையும் உணவிலும் அது குறைகிறது. முன்கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும் விளைவு. தெரியாத விளைவு இன்னும் கொடியது: கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இதற்கு உப்பே மருந்து என்பதை, 1956-ல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு நிரூபித்தது. 1962-ல் தேசிய கழலை ஒழிப்புத் திட்டம் பிறந்தது.

'கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்குமே' என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், உப்பளத்தில் விளையும் கல் உப்பில் அது மிகச் சொற்பம். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் கலக்கிறார்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஸ்டார்ச், பொட்டாசியம் அயோடைடு, அமிலம் சேர்ந்த திரவத்தை உப்பின் மீது ஒரு சொட்டு விட்டால் அயோடின் விடுபட்டு, ஸ்டார்ச்சுடன் சேர்ந்து நீலமாகும். அயோடேட்டுக்கு வெறும் கஞ்சித்தண்ணீர் போதாது. உப்பில் காரத்தன்மை இருந்தால் நிறம் வராமல் ஏமாற்றும். அதற்கென மறுசோதனைத் திரவம் உண்டு.

ஆனால் நீலம் 'இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்லுமே தவிர, 'எவ்வளவு' என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் புள்ளியைக் கணக்கிட வேண்டும். வீட்டை அடையும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் தேவை. பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். ஒருவரின் அன்றாடத் தேவையும் அதுவே.

சட்டமும் தடுமாறியது. அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கு விற்க 1998-ல் தடை, 2000-ல் விலக்கல், 2006-ல் மீண்டும் அமல். 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 93 சதவீத வீடுகளில் அயோடின் உப்பைக் கண்டது. 2018-19 அயோடின் ஆய்வு போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்தபோது கிடைத்தது 76.3 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம், 61.9 சதவீதத்துடன், தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட மாநிலத்துக்கே இந்த நிலை!

வாங்கிய பின்னும் கவனம் தேவை. ஈரமும் வெயிலும் அடுப்புச் சூடும் அயோடினைக் குறைத்துவிடும். மூடிய ஜாடி, அடுப்பிலிருந்து தள்ளி ஓர் இடம், கொதி அடங்கும்போது உப்பு. இதற்காக அதிக உப்பு சாப்பிட வேண்டியதில்லை. உப்பு நல்லதாக இருந்தால் போதும்.