கொல்லிமலையை நோக்கி ஒரு வரலாற்றுப் பயணம்

வரலாற்றை வகுப்பறையில் கற்பது ஒருவகை. அது நிகழ்ந்த மண்ணில் நின்று கற்பது மற்றொரு வகை. இரயில் பாதை, கோட்டை, எல்லைப்புற மலை ஆகிய மூன்றையும் ஒரே பகலில் கண்டு திரும்பும் வாய்ப்பு சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நமக்கு உண்டு. அப்பயணத்தின் சிறப்பு, காலையில் அண்மைக் காலத்தில் தொடங்கும் நாம் மாலைக்குள் சங்க காலத்தைச் சென்றடைகிறோம் என்பதாகும். அதன் வழியையும் பொருளையும் மாணவர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இருப்புப் பாதை

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அப்பாதை மேற்கே நீண்டு, 1861-இல் சேலத்தையும் அதே ஆண்டின் இறுதியில் சங்ககிரியையும் அடைந்தது. 1862-இல் போத்தனூர் வரை சென்றது. எனவே சேலத்தில் அதிகாலை இரயிலேறிச் சங்ககிரியில் இறங்குவோமாயின், அப்பயணமே ஒரு வரலாற்றுப் பாடமாகிவிடும். அந்நிலையத்தின் பெயர் சங்கரி துர்க். துர்க்கம் என்பது அரணைக் குறிக்கும் சொல். கோட்டையின் ஆட்சி முடிந்த பின்னும் அதன் பெயரை இரயில் நிலையம் சுமந்து நிற்கிறது.

சங்ககிரிக் கோட்டை

மலைமீது அடுக்கடுக்காக மதில்களும் வாயில்களும் கொண்ட இக்கோட்டை, மைசூர் ஆட்சியில் கொங்கு நாட்டின் முக்கிய அரணாக விளங்கியது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இப்பகுதியைக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1799-இல் திப்பு களத்தில் வீழ்ந்த பின்னும் அவருக்குத் துணைநின்ற தீரன் சின்னமலை போரை நிறுத்தவில்லை. இறுதியில் பிடிபட்டு, 1805-இல் இக்கோட்டையிலேயே தூக்கிலிடப்பட்டார்.

மைசூர்ச் சுல்தானும் கொங்குப் பாளையக்காரரும் சமயத்தால் வேறுபட்டோர். அன்னிய ஆதிக்கத்தை எதிர்ப்பதில் ஒன்றுபட்டோர். இம்மலையில் கோயிலும் மசூதியும் இன்றும் உள்ளன. அவற்றின் நடுவே நின்று இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்கும் மாணவர், சமய நல்லிணக்கத்தை ஒரு முழக்கமாக அல்லாமல் நடந்த செய்தியாகவே அறிவர்.

நாமக்கல் கோட்டை

அங்கிருந்து திருச்செங்கோடு வழியாக நாமக்கல்லை அடையலாம். ஊரின் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் இராமச்சந்திர நாயக்கர் இதனைக் கட்டினார் என்பர். பாறையின் இருபுறமும் அதியர் குல மன்னர் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் உள்ளன. 1768-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இக்கோட்டையை அவ்வாண்டிலேயே ஹைதர் அலி மீட்டார். உச்சியில் நின்று நாற்புறமும் நோக்கினால், சமவெளியில் வரும் படையை முன்கூட்டியே காண்பதற்கு இவ்விடம் எத்துணை ஏற்றது என்பது தானே விளங்கும்.

இவ்வூருக்கு இரயில் வந்தது மிகப் பிந்தித்தான். சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் பாதையில் 2013-இல்தான் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. இரயில் வந்த கால இடைவெளியோ 152 ஆண்டுகள். ஒரு பாதை எவ்வூர் வழியாகச் செல்கிறது என்பது அவ்வூரின் தலைவிதியையே மாற்றவல்லது என்பதை இதனால் உணரலாம்.

கொல்லிமலை

பிற்பகலில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறுகிறோம். இது வல்வில் ஓரி ஆண்ட மலை. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு கூறுகிறது. ஓரியின் தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கியுள்ளார். பெருவேந்தர் மூவரும் கண்வைத்த எல்லைப்புறத்தில் குறுநில மன்னன் ஒருவன் தனித்து வாழ்தல் எத்துணை அரிது என்பதற்கு ஓரியின் வாழ்வே சான்று.

செம்மேட்டில் ஓரியின் சிலை உள்ளது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழாவும் எடுக்கப்படுகிறது. வென்ற காரிக்கு இம்மலையில் விழா இல்லை. கொடையும் வீரமும் தோல்வியையும் கடந்து வாழும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? சங்கப் புலவர் பாடிய கொல்லிப் பலா இன்றும் காய்க்கிறது. மலையாளி என்னும் பழங்குடியினர் இங்குச் சாமையும் தினையும் விளைவித்து வாழ்கின்றனர். நம் வழிகாட்டியாக அவர்களுள் ஒருவரையே அமர்த்திக்கொள்ளுதல் நன்று. மலைத்தடங்களின் பெயரும் அவற்றின் கதையும் அவர்கள் நாவில்தான் உள்ளன.

நம் கடமை

இருட்டுமுன் மலையிறங்கும்போது ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கோட்டைச் சுவர்களில் தம் பெயரைக் கீறிச் செல்வோர் பலர். அச்சுவர்களின் வரலாற்றை அறிந்து செல்வோர் சிலரே. இவ்விரு கோட்டைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. எனினும் மக்களின் மதிப்புணர்வே அவற்றுக்கு மெய்யான காவல். மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழைய நிலையமோ, இடிந்த மதிலோ, மலைக் கணவாயோ இருக்கும். அதனைப் பற்றி அறிந்த பெரியோரை அணுகிக் கேட்டு எழுதி வையுங்கள். கல் சிதைந்தாலும் ஏட்டில் எஞ்சும்; கேளாத செய்தியோ சொல்பவரோடு மறைந்துவிடும்.