எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றே தெரியாத வேலைகளுக்கு எது வரிசை?

ஒரே கணினி, ஆறு வேலைகள். ஒன்றுக்கு 60 நிமிடம்; மற்ற ஐந்துக்கும் தலா 2 நிமிடம். வந்த வரிசைப்படி எடுக்கும்போது அந்த 60 நிமிட வேலை முதலில் நின்றுவிட்டால், ஒரு வேலை முடியச் சராசரியாக 65 நிமிடம் ஆகும். சின்ன வேலைகளை முன்னே விட்டால் சராசரி 17 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். மிச்ச நேரம் எதற்கு மிகக் குறைவோ அதையே எப்போதும் முதலில் எடுப்பதுதான் ஒற்றை இயந்திர வரிசையில் ஆகச் சிறந்த வழி என்று 1968-இல் லைனஸ் ஷ்ரேஜ் நிரூபித்தார்.

ஆனால் எது சின்னது என்று யார் சொல்வது? புரோகிராமை எழுதியவருக்கே பெரும்பாலும் அது தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு அழகான விடை ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. துளையிட்ட அட்டைக் கட்டை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைகூடக் காத்திருந்த காலம் அது. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அப்போதுதான் தெரியும். இந்த அவதியைத் தீர்க்க பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. அதன் விதி எளிமையானது. நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, புரோகிராமை ஒரு படியில் நுழைப்பார்கள். அங்கே அதற்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குள் முடியவில்லையா, ஒரு படி கீழே போ. கீழ்ப்படியில் கிடைக்கும் நேரம் இரட்டிப்பு. ஆனால் மேல்படியில் யாரும் இல்லாதபோதுதான் முறை வரும்.

நம் ஆறு வேலைகளையும் இப்படி ஆளுக்கு 2 நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். பெரிய வேலையே முதலில் வந்தாலும், 2 நிமிடம் ஓடிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மற்றவை 4, 6, 8, 10, 12-ஆவது நிமிடங்களில் முடிகின்றன; பெரியது 70-இல். சராசரி 18 நிமிடம் சொச்சம். எந்த வேலையின் நீளமும் தெரியாமலேயே, எல்லாம் தெரிந்தவரை ஏறக்குறைய எட்டிப்பிடித்தாயிற்று. பெரிய வேலைக்கு நட்டம் பத்தே நிமிடம். சின்ன வேலைகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் மட்டும் அது அடியிலேயே கிடந்துவிடும். அதனால்தான் நெடுநேரம் காத்திருப்பதை மேலே ஏற்றிவிடும் விதியையும் பிறகு வந்த பல அமைப்புகள் சேர்த்துக்கொண்டன.

இது பலிப்பதற்குக் காரணம், இதுவரை ஓடிய நேரமே ஒரு தகவல் என்பதுதான். கணினி வேலைகளில் மிகப் பல குட்டி, மிகச் சில பூதம். பத்து நிமிடம் ஓடியும் முடியாதது இன்னும் நெடுநேரம் ஓடும் என்றே எதிர்பார்க்கலாம். எல்லா வேலைகளும் ஏறத்தாழ ஒரே நீளம் என்றால் கணக்கு தலைகீழ். 60 நிமிட வேலைகள் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டுமே ஏறக்குறைய 120-ஆவது நிமிடத்தில்தான் முடியும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுத்தால் சராசரி 90. இப்படி எந்த வகை வேலைக்கும் பொருந்துவது ஜான் கிட்டின்ஸ் 1970-களில் வகுத்த குறியீடு: இவ்வளவு ஓடியிருக்கிறது, இனி செலவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இது முடிய எவ்வளவு வாய்ப்பு? அது எதற்கு அதிகமோ, அதற்கே முதலிடம்.

முன்கூட்டிக் கணித்துச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், ஆனால் எல்லாத் தவறும் ஒன்றல்ல. சின்ன வேலையைப் பெரிதென்று கணித்தால் பெரும்பாலும் அது ஒன்றுதான் பின்தங்கும். பெரியதைச் சின்னதென்று கணித்தால், “இதோ முடியப்போகிறது” என்றபடி அது பின்னால் நிற்கும் அத்தனை பேரையும் மறிக்கும். சொன்ன நேரம் தாண்டியதும் பின்னுக்குத் தள்ளும் விதி இல்லாமல் கணிப்பை நம்பவே கூடாது என்பேன்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கும் இன்று இதே தலைவலி: பதில் எவ்வளவு நீளும் என்பது அது முடியும்போதுதான் தெரியும். பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட பாஸ்ட்சர்வ், கேள்வியின் நீளத்தைப் பார்த்து முதல் படியை ஒதுக்குகிறது, முடியாவிட்டால் படியிறக்குகிறது. கார்பட்டோ குழுவின் அதே உத்தி.

இவை எல்லாம் ஓடும் வேலையை இடையில் நிறுத்த முடிந்தால்தான். ஆபரேஷன் தியேட்டரில் இது எதுவும் செல்லாது. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்தவரை மேசையில் ஏற்ற முடியாது. அங்கே கையில் இருப்பது காலையில் போடும் பட்டியல் ஒன்றுதான். அவசர சிகிச்சைகள் போக, நேரம் திட்டமாகத் தெரிந்தவற்றை முன்னாலும் இழுத்துக்கொண்டு போகக்கூடியவற்றைக் கடைசியிலும் வைத்தால், தாமதம் ஏற்பட்டாலும் காத்துக் கிடப்பவர்கள் குறைவு.