சாப்பிட்டுக்கொண்டிருந்த சிறுவன் தலையில் குண்டு! ஒரு தோட்டா எவ்வளவு தூரம் போகும்?

திருச்சியில் பஸ் ஏறி புதுக்கோட்டை போகிறவர்கள், கீரனூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். மொட்டை மொட்டையாகப் பாறைக் குன்றுகள் தெரியும். அதுதான் நார்த்தாமலை.

மேலமலை மீது விசயாலய சோழீசுவரம். ஆயிரம் வருடத்தைத் தாண்டிய கோவில். கீழே முத்துமாரியம்மன். பங்குனித் திருவிழா வந்துவிட்டால் சுற்றுவட்டாரமே அங்கேதான்.

2021-ம் ஆண்டு கடைசியில், வேறு ஒரு காரணத்துக்காக இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் அடிபட்டது.

அன்று டிசம்பர் 30-ந்தேதி. நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தளத்தில் இருந்து வெகு தூரம் தள்ளி ஒரு வீடு. தாத்தா வீட்டில் 11 வயதுப் பையன் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எங்கிருந்தோ ஒரு குண்டு வந்தது. பையனின் தலையில் பாய்ந்தது!

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. டாக்டர்கள் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். ஆனாலும் பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந்தேதி பையன் பரிதாபமாக இறந்தான்.

ஊர் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பயிற்சித் தளத்தில் துப்பாக்கிச் சத்தம் நிறுத்தப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தார். 'இந்த இடத்தில் இனி துப்பாக்கியே வேண்டாம், அடியோடு மூடுங்கள்' என்பது ஊர்க்காரர்களின் கோரிக்கை.

அன்று டீக்கடை தோறும் ஒரே கேள்விதான். 'அவ்வளவு தூரத்துக்கா குண்டு வரும்?'

வரும். தாராளமாக வரும்!

ஒன்றரை மைல்!

துப்பாக்கிகளில் சின்னது .22. ரைபிள் கிளப்புகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டையில் சுட்டுப் பழகுவது அதில்தான். குண்டு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அந்தத் தோட்டா விற்கும் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? 'ஒன்றரை மைல் வரை ஆபத்து' என்று!

பட்டாணி அளவுக் குண்டுக்கே ஒன்றரை மைல் என்றால், போலீசும் ராணுவமும் வைத்திருக்கிற ரைபிளுக்கு எவ்வளவு இருக்கும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறி பார்ப்பவர் கண் 100 மீட்டரில் இருக்கும் அட்டையோடு நின்றுவிடுகிறது. குண்டு நிற்பது இல்லை. எதிரே மண்மேடு இருந்தால் அதில் புதையும். மேட்டுக்கு மேலே போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது. பாறையில் பட்டாலோ இன்னும் மோசம். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. நார்த்தாமலையிலோ திரும்பின பக்கம் எல்லாம் பாறை.

நாலு சாமான்

குண்டு வேறு, தோட்டா வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பத்திரிகைக்காரர்களும் விதிவிலக்கு இல்லை.

தோட்டாவில் நாலு சாமான் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் சின்னதாக ஒரு கேப். உள்ளே மருந்து. வாய்ப் பக்கம் ஈயக் குண்டு. விசையைத் தட்டினால் சுத்தி கேப்பில் அடிக்கும். கேப் பொறி விடும். மருந்து எரிந்து புகையாகி, அந்தப் புகை குண்டைத் தள்ளும். வெளியே போவது குண்டு மட்டும்தான். பித்தளைக் கூடு நம் கையிலேயே தங்கிவிடும்.

அங்கேதான் ஒரு தொழிலே பிறந்தது. அந்தக் காலிக் கூட்டை ஏன் வீணாக எறிய வேண்டும்? புதுக் கேப், புது மருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடியும் அடைத்தால் என்ன?

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. வீட்டுக் கொட்டகையில் கைப்பிடி வைத்த இயந்திரம் ஒன்றை மேஜையோடு முடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் தராசு. நம் நகைக்கடைத் தராசு தோற்றுப்போகும். அவ்வளவு நுணுக்கம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாக அடைப்பார்கள். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு என்பது ஒரு காரணம். மான் வேட்டைக்கு ஒரு மாதிரி, கரடி வரும் காட்டுக்கு ஒரு மாதிரி என்று தன் கைத்துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம் என்பது இன்னொரு காரணம்.

துப்பாக்கி வெடித்தது!

இந்தக் கைவேலைக்காரர்களில் பெரிய பெயர் எல்மர் கீத். மாட்டுப்பண்ணை ஆள். தலையில் எப்போதும் அகலத் தொப்பி. ரிவால்வரை வைத்தே பெரிய மிருகத்தை வீழ்த்தவேண்டும் என்பது அவருக்குப் பைத்தியம்.

மருந்தைக் கூட்டிக் கூட்டி அடைத்தார். ஒரு நாள் .45 ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறியது! ஆள் பிழைத்தது பெரிய காரியம்.

அதற்குப் பிறகும் மனிதர் விடவில்லை. .45-ஐ வைத்துவிட்டு .44-க்கு மாறினார். துளை கொஞ்சம் சின்னது. அதனால் தோட்டா உட்காரும் உருளையின் சுவர் கொஞ்சம் தடிமன். அழுத்தம் தாங்கும். பல வருடம் கையால் அடைத்துப் பார்த்துவிட்டு, 'இதைக் கம்பெனியே செய்யட்டும்' என்று விடாமல் எழுதினார். 1955-ல் ரெமிங்டன் கம்பெனியும் ஸ்மித் அண்டு வெஸ்சன் கம்பெனியும் சேர்ந்து செய்தார்கள். அதுதான் .44 மேக்னம்.

1971-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் 'டர்ட்டி ஹாரி' படத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்கவேண்டுமா! கடைகளில் துப்பாக்கி கிடைக்காத அளவுக்குக் கிராக்கி.

கையால் அடைப்பதில் எமன் எங்கே இருக்கிறான் என்றால், மறதியில் இருக்கிறான். இந்தக் காலத்து மருந்து புகை இல்லாத மருந்து. கூட்டுக்குள் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். பேச்சு சுவாரசியத்தில் ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டால் வெளியே தெரியாது. சுட்டால் உருளை பிளக்கும். மருந்தே போட மறந்தாலும் ஆபத்துதான். கேப் தள்ளிய வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். விரல் போனவர்கள் உண்டு. கண் போனவர்கள் உண்டு.

மருந்தின் வீரியம் பற்றி நம் ஊரிலும் ஒரு காலத்தில் வீடு வீடாகப் பேசினார்கள். 1967 ஜனவரி 12-ந்தேதி ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோதுதான்! குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். குரல் மாறிப்போனது. 'ரொம்ப காலத்துப் பழைய தோட்டாவாம், வேகம் செத்துப் போயிருந்ததாம்' என்று அன்று சொல்லாத வாய் கிடையாது.

தேங்காய் நார், கருமருந்து

அமெரிக்கக்காரன் கொட்டகையில் செய்வதை நம் பக்கத்து நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தடியில் செய்தவர்கள்.

அவர்களுடையது நாட்டுத் துப்பாக்கி. கூடு கிடையாது, தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்து. அதன்மேல் தேங்காய் நார். கம்பியால் இடிப்பார்கள். பிறகு ஈய ரவை. மறுபடி நார். அடியில் கேப் வைத்துத் தட்டினால் வெடிக்கும். ஒரு தடவை சுட்டால் மறுபடி அடைக்க நேரம் பிடிக்கும். அதனால் ஒரே வெடியில் கொக்கு விழவேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் குழம்பு கிடையாது. அந்தக் குறி சும்மா வந்தது அல்ல.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டைக்கு ஏறக்குறைய முழுப்பூட்டு. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர்கள் ஊசி, பாசிமணி என்று பஸ் நிலையத்துக்கு வந்துசேர்ந்தார்கள். பூட்டுப் போட்ட சர்க்கார் வேறு தொழிலுக்கு வழி காட்டியதா என்றால், நெடுங்காலம் காட்டவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவே 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

'காலிக் கூடு என்னுடையது, மருந்து நான் வாங்கியது, அடைத்தால் என்ன தப்பு?' என்று கேட்கிறவர்கள் உண்டு.

தப்புதான்! 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி மட்டும் அல்ல, தோட்டா தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும். ரிவால்வர் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் தோட்டா செய்யும் லைசென்ஸ் ஆகாது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதுகூட லைசென்சில் எழுதியிருக்கும். பலசரக்குக் கடைக்காரர் பற்று வரவு எழுதுகிற மாதிரி, வாங்கியதற்குக் கணக்கு இருக்கும்.

இங்கே சாமானியர் வைத்திருப்பதும் .44 மேக்னம் அல்ல. கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வர்தான் பெரும்பாலும். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கவேண்டும்.

2019-ல் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். அதுவரை ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இப்போது 2 தான். கல்யாண ஊர்வலத்தில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வட நாட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்துக் குண்டில் செத்தவர்கள் பலர். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆகவேண்டும்?

பன்றிக்கு வைத்த வெடி

கிராமத்து விவசாயியின் பேச்சு வேறு. 'காட்டுப்பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கடலையைத் தோண்டிப் போட்டுவிடுகிறது, நான் என்ன செய்வேன்?' என்பார். நியாயமான கேள்விதான்.

அதற்குச் சிலர் திருட்டுத்தனமாக நாட்டுத் துப்பாக்கி எடுக்கிறார்கள். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைத்து வயலோரம் போட்டுவிடுவது. பன்றி கடித்தால் வாய் சிதறும். மாடும் கடிக்கும், யானையும் கடிக்கும். உருட்டி விளையாட எடுத்தால் குழந்தையின் கையும் போகும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஏற்பாடு செய்தது. காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடமுடியாது. பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுடவேண்டும்.

அப்படிச் சுடும்போதும் முதலில் பார்க்கவேண்டியது பன்றியை அல்ல, பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை. துப்பாக்கி பிடித்தவர்கள் உலகம் முழுக்கக் கற்கிற பால பாடம் இது. பின்னால் மண் இருந்தால் சுடு. ரோடோ, வீடோ, வெறும் வானமோ தெரிந்தால் விசையில் இருந்து விரலை எடு.

கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஒரு வரி. வயற்காட்டில், ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் அது அத்தனை லேசு அல்ல. நேற்றுவரை பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்றைக்கு மனை போட்டு வீடு கட்டியிருப்பார்கள். பயிற்சித் தளத்துக்கும் அதே கதிதான். சுடும் இடம் அமைக்கும்போது ஊர் தூரத்தில் இருக்கும். பிறகு ஊர் வளரும். மண்மேடு வளராது. மழையில் கரையும்.

நார்த்தாமலையில் அந்த டிசம்பர் பகலில் பையன் வெளியே விளையாடிக்கொண்டிருக்கவில்லை, தடை செய்த இடத்துக்குள் நுழையவும் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.