வண்டியின் அடியில் ஒரு கறை

வாசலில் நிறுத்திய பழைய மோட்டார் வண்டியைக் காலையில் எடுத்த பிறகு, அது நின்ற இடத்தில் ஓர் ஈரக்கறை கிடப்பதை நீங்கள் கண்டிருக்கக் கூடும். "வண்டி ஒழுகுகிறது" என்று யாரும் சொல்லிவிடலாம். ஒழுகுவது எது, எங்கிருந்து ஒழுகுகிறது, அதனால் விளையும் கேடு எத்தகையது என்று சொல்வதுதான் அரிது. நான் பொறியியல் கற்றவன் அல்லேன். பல்லாண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இந்தத் தேடலில் எனக்கு ஒரு வெற்றியும் ஒரு பெருந்தவறும் வாய்த்தன. இரண்டையும் சொல்கிறேன்.

நான் வாழும் திருவள்ளூர், கார்கள் பிறக்கும் ஊர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1998 முதல் பல ஆண்டுகள் மிட்சுபிஷி லான்சர் கார்களை இங்குதான் உருவாக்கினர். என் வண்டியோ அதே நிறுவனத்தார் வங்காளத்து உத்தரபாராவில் செய்த அம்பாசிடர். 1980-களில் பிறந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் வழித்தோன்றலாக 1950-களின் இறுதியில் தோன்றிய இந்த இனத்தின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு வைத்தியமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கண்டது கருநிறக் கறை. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருமிடத்தில் உள்ள கிளச்சுக் கூட்டின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். குனிந்து பார்த்த மிஸ்திரி, "பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது. எஞ்சினை இறக்க வேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். கூலியைக் கேட்டதும் என் ஓய்வூதியம் நினைவுக்கு வந்தது. வீட்டிற்கு வந்து வண்டியின் கைந்நூலைப் புரட்டினேன். என் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது! கிராங்கு ஷாஃப்ட்டின் பின்முனையில் திருகாணியின் மரைபோல ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்ட்டு சுழலும்போது அந்த மரை, வெளியேற முயலும் எண்ணெயை உள்ளே தள்ளிவிடுகிறது. ஆட்டம் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். ஆகவே, எஞ்சினை அணைத்த பின் ஓரிரு சொட்டு விழுவது அதன் பிறவிக்குணம். என் வண்டியிலோ உள்ளங்கையகலம் தேங்கியிருந்தது.

என் பழைய மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறார். அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, சொட்டுகிற இடத்தைப் பார்க்காதீர்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று மேலே பாருங்கள்" என்றார் அவர். எண்ணெய் புவியீர்ப்பால் கீழே வழிகிறது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னே தள்ளுகிறது. எங்கோ முன்னும் மேலும் கசிந்த எண்ணெய், இரும்பின் விளிம்புகளைப் பற்றிக்கொண்டு வந்து, பின்னால் உள்ள தாழ்ந்த முனையில் சொட்டாக விழுகிறது. ஓட்டுக்கூரை வீட்டில் மழைநீர் விழும் இடத்திற்கு நேர்மேலே ஓடு உடைந்திருப்பது அபூர்வம் அல்லவா?

பெரிய ஆலைகளில் எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கைக் காட்டிக் கசிவைக் கண்டுபிடிக்கிறார்களாம். என்னிடம் இருந்தது சாக்குக்கட்டி! எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். நன்றாக உலர விட்டேன். சாக்குக்கட்டியைப் பொடித்து, ஐயத்திற்குரிய இணைப்புகளின் மீது தூவினேன். பிறகு எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கைவிளக்குடன் பார்த்தேன். வெண்பொடியின் மேல் நாகம் ஊர்ந்ததுபோல ஒரு கருங்கோடு! எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள டாப்பெட் மூடிகள் இரண்டில் பின்மூடியின் ஓரத்தில் தொடங்கி, கிளச்சுக் கூட்டின் மேல் வழிந்து, அதன் அடிமுனையில் முடிந்தது. அந்த மூடியின் கார்க் பேக்கிங் நாட்பட்டு மரத்துப் போயிருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. எஞ்சினை இறக்கவில்லை. அன்று எனக்கிருந்த பெருமிதத்தை இங்கே மறைப்பதற்கில்லை. பின்னால் நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கசிவது எது என்பதை அறிய எளிய வழி உண்டு. இரவில் வண்டியின் அடியில் பெரிய வெள்ளை அட்டையை விரித்து, நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களை அதில் குறித்து வையுங்கள். காலையில் கறையின் இடமும் நிறமும் மணமும் சேர்ந்து பேசும். எஞ்சின் எண்ணெய் புதிதில் தேன்நிறம், பழகியபின் கருமை. கியர் எண்ணெய் தடிப்பானது. அதில் சேர்க்கும் கந்தகக் கூட்டுப் பொருள்களால் மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி இருக்கும். பக்கத்து வீட்டு லான்சரின் கீழே ஒருநாள் செந்நிறக் கறை கண்டு பிள்ளைகள் அஞ்சினார்கள். அது ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் எண்ணெய். குளிர்சாதனம் உள்ள வண்டியின் முன்பக்கத்தில் சொட்டும் தெளிந்த நீர், காற்றிலிருந்த ஆவி குளிர்ந்த நீரேயன்றி வேறில்லை. பெட்ரோல் அட்டையில் கறையாக நில்லாது ஆவியாகிவிடும். ஆனால் அதன் மணம் எழுந்தால் தீக்குச்சி உரைக்கவோ வண்டியைக் கிளப்பவோ கூடாது. ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம் பெரும்பாலும் பச்சையாக இருக்கும், இனித்த மணமுள்ளது. அதைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லும் பழைய மிஸ்திரிகள் உண்டு. நீங்கள் அதைச் செய்ய வேண்டா. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் நுழையவும் வேண்டா.

இனி என் தவறுக்கு வருகிறேன். பேக்கிங் மாற்றிய சில வாரங்களில், பின்னால் இடப்பக்கச் சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தெரிந்தது. நிறமே இல்லை. முதல்நாள் வண்டியைக் கழுவியிருந்ததால் நீர் என்று எண்ணிவிட்டேன். எஞ்சினின் நோயையே கண்டுபிடித்தவன் இதற்கெல்லாம் அட்டை விரிப்பானா? மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு, அந்த மாணவரின் புதுமனை புகுவிழாவுக்காகப் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டேன்.

கவரைப்பேட்டையை நெருங்கும்போது, இரும்புக் கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த லாரி ஒன்று எங்களுக்கு முன்னே வேகம் தணிந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை இறங்கிவிட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தபோது சிறிது பிடித்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்தேன். அது திரவத்தால் அன்றிக் கம்பியால் இயங்குவதால் பிழைத்தோம். அந்தக் கம்பிகளின் நுனிக்கும் எங்கள் கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. பேத்தி ஒன்றும் அறியாமல் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

நான் நீரென்று எண்ணியது பிரேக் திரவம். பிரேக் ஆயில் என்றே கடைகளில் கேட்கிறோம். அது எண்ணெயன்று, கிளைக்கால் சார்ந்த வேறொரு பொருள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். காலால் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது அந்த விதிதான். சக்கரத்தருகே உள்ள வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்தால், திரவம் டிரம்முக்குள் கசிந்து டயரின் உட்பக்கம் வழியும். வெளியேறிய இடத்தில் காற்று புகும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே நம் மிதியெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. பிற்காலத்து வண்டிகளில் இரு தனிச் சுற்றுகள் உள்ளன. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும். என் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று.

கசியாதபோதும் இத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை, புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரமேறியதற்கு விதிக்கப்பட்ட அளவு 140 பாகையே. நெடுக மிதித்துச் சூடேறினால் அது ஆவியாகி, காற்றுப் புகுந்த அதே விளைவைத் தரும். குறைந்துவிட்டதே என்று எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றுவாரும் உண்டு. அந்த எண்ணெய் பிரேக் ரப்பர்களை ஊதச் செய்து முற்றிலும் கெடுத்துவிடும்.

சக்கரத்தின் உட்புறத்து ஈரத்தை ஒரு நிமிடத்தில் சோதித்திருக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் அதில் ஒரு துளியை விட்டால், அச்சுப்பெட்டியிலிருந்து வந்த கியர் எண்ணெய் மேலே மிதக்கும். பிரேக் திரவம் கரைந்து மறையும். வெறும் நீரானால் விரலிடுக்கில் வழுக்காது, வெயிலில் உலர்ந்துவிடும். இதை வகுப்பில் எத்தனையோ முறை மேசைமேல் செய்து காட்டியவன் நான்.

அம்மாணவரே வந்து வண்டியை இழுத்துச் சென்றார். வீல் சிலிண்டரை மாற்றி, குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றித் தந்தார்கள். "ஐயா, அட்டை விரிக்கவில்லையா?" என்று மட்டும் அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இப்பொழுது ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் விரிக்கிறேன். சென்ற வாரத்து அட்டையில் கிளச்சுக் கூட்டின் கீழே மட்டும் இரண்டு கருஞ்சொட்டுகள். நான்கு சக்கரங்களின் அருகிலும் உலர்ந்திருந்தது. ஞாயிறன்று பேத்தியுடன் பெரியபாளையம் வரை போய் வந்தோம்.