சங்கம் எதற்கு? சட்டம் எதற்கு?

தொழிற்சங்கம் என்றதும் மாணவர்கள் உடனே சொல்லும் சொல் 'வேலைநிறுத்தம்'. ஆனால் சங்கத்தின் அன்றாட வேலை பேச்சுவார்த்தைதான்; அது முறியும்போதுதான் வேலைநிறுத்தம் வருகிறது. இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்கச் சென்னையின் வரலாறே போதும்.

ஏன் சேர்கிறார்கள்?

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் ஒருவர் மட்டும் "கூலி போதவில்லை" என்றால், மறுநாளே அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்திவிடலாம். ஆலைக்கு அதனால் பெரிய இழப்பில்லை; அவர் வீட்டில்தான் அடுப்பு எரியாது. ஆயிரம் பேரும் ஒரே குரலில் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பது எப்போதும் கூலியாகவே இருப்பதில்லை. ஓய்வு நேரம், பாதுகாப்பு, மேற்பார்வையாளர் நடத்தும் விதம் ஆகியவையும் காரணங்கள்தாம்.

பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் நடந்தது இதுவே. நீண்ட வேலை நேரம், சாப்பிடப் போதாத அரைமணி இடைவேளை, அவமதிப்பு ஆகியவற்றால் தொழிலாளர்கள் மனம் வெதும்பியிருந்தனர். வணிகர்களான செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க.வும் சங்கத்தை முன்னின்று நடத்தினார்.

சட்டம் வந்த கதை

அன்று சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 1920-இல் தகராறு முற்றியபோது நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினர் என்பது வாடியா உள்ளிட்ட தலைவர்கள்மீது வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறுதியில் வாடியா சங்கத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. சங்கம் நடத்துவதே வழக்குக்கு இடமாகலாம் என்பது நாட்டுக்கே புரிந்தது. 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

பதிவு பெற்ற சங்கம் தொழில் தகராறின்போது செய்யும் முறையான செயல்களுக்காக அதன்மீது சதி வழக்கோ, ஒப்பந்த மீறலைத் தூண்டியதாக இழப்பீட்டு வழக்கோ தொடர முடியாது என்றது அச்சட்டம். வன்முறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சங்கமும் ஆண்டுதோறும் கணக்கு காட்ட வேண்டும். 7 பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தொழிலாளர்களில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு உறுப்பினர்கள் வேண்டும் என 2001-இல் திருத்தம் வந்தது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

மாணவர்கள் குழம்பும் இடம் இது. பதிவு செய்வது அரசின் பதிவாளர். சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய தரப்பாக நிர்வாகம் ஏற்பதே அங்கீகாரம். 1926 சட்டம் நிர்வாகத்தை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. பேச்சு முறிந்தால் சமரச அலுவலர், தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்ற படிகளை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்தது. சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தண்டிப்பதும், வேலைக்கு வர விரும்புவோரை மிரட்டித் தடுப்பதும் முறையற்ற செயல்கள் எனப் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. இவ்வாறு சட்டம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது.

இவ்விரு சட்டங்களும் நிலையாணைகள் சட்டமும் இன்று ஒரே தொகுப்பாகிவிட்டன. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு இத்தகைய விதி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது.

வகுப்பறையில்

நம்மிடம் படிப்போரில் பலர் நாளை ஒரகடத்திலோ ஓசூரிலோ திருப்பூரிலோ ஆலை வாயிலில் நிற்பார்கள். தம் உரிமையும் அதன் எல்லையும் தெரியாதவர் அஞ்சி ஒதுங்குவார், அல்லது ஆத்திரத்தில் தவறிழைப்பார்.

எனவே பாடத்தோடு ஒரு செயல்பாடும் தரலாம். வகுப்பைத் தொழிலாளர், நிர்வாகம், சமரச அலுவலர் என மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். கோரிக்கை ஒன்றே: மதிய இடைவேளையைப் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். ஒவ்வொரு குழுவும் காரணங்களை எழுதிக்கொண்டு வந்து பேசட்டும். ஒப்பந்தம் எட்டினால் எழுதிக் கையொப்பமிடட்டும். பிறகு குழுக்களை மாற்றி, அதே கோரிக்கையை எதிர்த்தரப்பிலிருந்து பேசச் சொல்லுங்கள்.