கோல் ஆடுகிறதா, கை ஆடுகிறதா?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய ஆட்டங்கள் நடைபெறும் கூடங்களில் இந்தப் பழமொழிக்கு நாள்தோறும் வேலை உண்டு. குறி தப்பியவர் பந்தைப் பார்ப்பதில்லை. கையிலுள்ள கோலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கோல் சரியில்லை" என்பார். நண்பர்கள் சிரிப்பார்கள். சிலர் அத்துடன் விடுவதில்லை. மாதக்கணக்கில் பணம் சேர்த்து விலை உயர்ந்த கோல் ஒன்றை வாங்கிவிடுவார்கள்.

அப்படி வாங்கினால் ஆட்டம் உயருமா? அல்லது அந்தப் பணம் வீண்தானா? இயற்பியலிடமே கேட்டுப் பார்ப்போம்.

தோல் நுனி வந்த கதை

இந்த ஆட்டங்கள் ஐரோப்பாவில் பிறந்தவை என்றாலும் நம் நாட்டுக்கும் இவற்றில் பங்குண்டு. ஸ்நூக்கர் 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) 1882இல் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் நமது உதகமண்டலத்துக் கிளப்பாகும்.

தொடக்கக் காலத்தில் கோலின் நுனி வெறும் மரமாகவே இருந்தது. பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகித் தட்டினாலும் நுனி வழுக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கோலின் நுனியில் தோலை ஒட்டி ஆடிக் காட்டினார். பின்னர் நுனியில் சாக் தூள் தடவும் வழக்கமும் வந்தது. பந்தைச் சுழலவிட்டு ஆடும் கலை அதன் பிறகே வளர்ந்தது. 1835இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த ஆட்டத்தின் கணிதத்தை ஒரு நூலாகவே எழுதினார். பூமியின் சுழற்சியால் காற்று திசை விலகும் விளைவுக்குப் பெயர் தந்த அதே கொரியோலிஸ்தான்!

ஆயிரத்தில் ஒரு வினாடி

கோலின் நுனி பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அதிர்ச்சியை உணர்ந்து நம் கை செயல்படுவதற்கோ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகும். ஆகவே 'தட்டும்போது பந்தைத் தள்ளிவிட்டேன்', 'கடைசி நேரத்தில் திருப்பிவிட்டேன்' என்பவை வெறும் எண்ணங்களே. கை அடியை உணர்வதற்குள் பந்து போய்விடுகிறது. நல்ல கோலின் 'உணர்வு' என்று ஆட்டக்காரர்கள் போற்றுவதும் பந்து சென்ற பிறகு கைக்கு வரும் செய்திதான். அது பயனற்றது என்று சொல்லவில்லை. அடுத்த அடிக்கு அது பாடமாகலாம். இந்த அடியைத் திருத்தாது.

எடை கூடினால் வேகம் கூடுமா?

பூல் பந்தின் எடை ஏறத்தாழ 170 கிராம். கோலின் எடை பெரும்பாலும் 510 முதல் 600 கிராம் வரை. அதாவது கோல் பந்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். கேரம் ஆட்டத்தில் ஸ்டிரைக்கருக்கும் காய்க்கும் உள்ள விகிதமும் ஏறத்தாழ இதுவே. கனமான பொருள் இலேசான பொருளில் மோதும்போது, இலேசான பொருள் மோதியதைவிட வேகமாகப் பாய்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கோல் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து பந்தைத் தட்டுவதாகக் கொள்வோம். தோல் நுனியின் மீள்தன்மைக் குணகம் 0.75 என்று வைத்துக்கொண்டால், 510 கிராம் கோல் பந்துக்கு வினாடிக்கு 3.9 மீட்டர் வேகம் தரும். 600 கிராம் கோல் 4.1 மீட்டர் தரும். வேறுபாடு நூற்றுக்கு நான்கு பங்குதான்! கனமான கோலை அதே வேகத்தில் வீசுவதும் கடினம். ஆகவே அந்தச் சிறு இலாபமும் கரைந்துபோகலாம். எடையைப் பொறுத்தவரை கைக்கு எது இதமோ அதுவே நல்ல கோல்.

சுழற்சியின் இரகசியம்

ஒரு தீப்பெட்டியை மேசைமீது வைத்து, நடுவில் விரலால் சுண்டுங்கள், நேரே போகும். ஓரத்தில் சுண்டுங்கள், சுழன்றுகொண்டே போகும். பந்தும் அப்படியே. பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகித் தட்டுகிறோமோ, அவ்வளவு சுழற்சி. மையத்துக்கு மேலே, ஆரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் தட்டினால் பந்து சறுக்காமல் முதலிலிருந்தே உருண்டோடும். பூல் பந்தில் இந்த உயரம் ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டர். ஆரத்தில் பாதிக்கு மேல் விலகித் தட்டினாலோ நுனி வழுக்கிவிடும்.

இந்த எல்லை வரை வழுக்காமல் காப்பது தோலும் சாக் தூளும் தரும் உராய்வு. தோல் தேய்ந்து தட்டையாகியிருந்தாலும், சாக் தடவ மறந்தாலும் உலகின் மிக விலை உயர்ந்த கோலும் வழுக்கவே செய்யும். நுனி நன்றாக இருந்தால் மலிவான கோலும் அதே சுழற்சியைத் தரும்.

கோல் செய்யும் குறும்பு

இதுவரை பார்த்தால் பழமொழியே வென்றதுபோல் தோன்றும். ஆனால் ஓரிடத்தில் கோல் உண்மையிலேயே குறும்பு செய்கிறது.

வெள்ளைப் பந்தின் வலப்புறத்தில், நேர் திசையில் தட்டுகிறோம். பந்து சுழலத் தொடங்குகிறது. நுனி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிறு நேரத்தில், சுழலும் பந்தின் பரப்பு நுனியையும் வலப்புறம் இழுத்துச் செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கும் உண்டல்லவா? நுனி வலப்புறம் தள்ளப்பட்டால், பந்து இடப்புறம் தள்ளப்படுகிறது. விளைவு, பந்து நாம் குறிவைத்த கோட்டில் செல்லாமல் சற்று இடப்புறம் விலகுகிறது.

இந்த விலகல் எதைப் பொறுத்தது? கோலின் முழு எடையை அன்று. நுனியையொட்டிய பகுதியின் எடையை மட்டுமே. பக்கவாட்டு அசைவு கோலின் வழியே மெதுவாகப் பரவுவதால், ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான பகுதியே அதில் பங்குகொள்கிறது. அந்தப் பகுதி கனமாக இருந்தால் விலகல் அதிகம். இலேசாக இருந்தால் குறைவு. இதனால்தான் இன்று நுனிப் பகுதியை மெலிதாக்கியும், உள்ளே துளையிட்டும், கார்பன் இழையைக் கொண்டும் கோல்கள் செய்கிறார்கள்.

இரு கோல்களின் விலகலுக்கு இடையே ஒரு பாகை வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். 2 மீட்டர் தொலைவில் அது 3.5 சென்டிமீட்டர் ஆகிவிடும். பூல் பந்தின் விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான். பந்தின் அகலத்தில் பாதிக்கும் மேல் தவறினால் குழியில் எப்படி விழும்? நடுவில் தட்டும் நேர் அடிகளில் இந்தத் தொல்லை இல்லை. பக்கச் சுழற்சி கொடுக்கும்போதுதான் கோலுக்குக் கோல் வேறுபாடு தெரிகிறது.

பழகிய கோல்

இன்னொரு செய்தி முக்கியமானது. மெதுவாகத் தட்டினாலும் வேகமாகத் தட்டினாலும் ஒரே கோலின் விலகல் கோணம் அதிகம் மாறுவதில்லை. மாறாத ஒன்றைக் கை கற்றுக்கொள்ளும். பல ஆண்டுகள் ஒரே கோலால் ஆடியவர், தம்மை அறியாமலேயே அதன் விலகலுக்கு ஈடுகொடுத்துக் குறிவைக்கிறார். அவரிடம் விலகல் குறைந்த 'சிறந்த' கோலைக் கொடுங்கள். முதல் நாள் தவறித்தான் ஆடுவார்!

ஸ்காட்லாந்து வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990க்கும் 1999க்கும் இடையே ஏழு முறை ஸ்நூக்கர் உலகப் பட்டம் வென்றவர். அவர் சிறுவயது முதல் ஆடிவந்தது விலை அதிகமில்லாத ஒரு கோல். 2003இல் விமானப் பயணத்தின்போது அது உடைந்துபோயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு கோலைக் கொண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் அவர் பட்டம் வென்றார். மலிவான கோல் அவர் உயர்வதைத் தடுக்கவில்லை. பழகிய கோலை இழந்ததும் அவர் ஆட்டத்தை முடித்துவிடவில்லை.

ஆகவே கோல் வாங்க நினைக்கும் இளைஞருக்கு இயற்பியல் கூறும் அறிவுரை இதுதான். கோலை மேசைமீது உருட்டிப் பாருங்கள்; வளைவு இருந்தால் நுனி துள்ளுவது தெரியும். தோல் குவிந்து நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எடை கைக்கு இதமாக இருக்கட்டும். பிறகு அந்த ஒரே கோலால் ஆடிப் பழகுங்கள். ஒவ்வொரு நாளும் கூடத்தில் கிடைத்த கோலை எடுத்து ஆடுபவர், ஒவ்வொரு நாளும் புதிய விலகலைக் கற்க வேண்டியிருக்கிறது. சொந்தக் கோல் தேவை என்பதற்கு இதுவே உண்மையான காரணம், விலை அன்று.

கூடம் சில வேளைகளில் உண்மையிலேயே கோணல்தான். எவ்வளவு கோணல் என்று அறிந்து ஆடுபவரே ஆடத் தெரிந்தவர்.