புதிய மீன் தொட்டியும் பொறுமையும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், நகரி மலைப்பகுதிக்கு அருகே அமைந்துள்ளது கார்வேட்டிநகரம். முன்னாளில் ஒரு ஜமீனின் தலைமையிடமாக விளங்கிய இவ்வூரில் வேணுகோபாலசுவாமி கோயிலும், கற்படிகள் சூழ்ந்த பெரிய புஷ்கரிணியும் உள்ளன. இத்தகைய குளங்களில் நீர் விளிம்புப் படியில் கால் வைப்போர் வழுக்காமல் நடக்கக் கவனம் கொள்வர். கல்லின்மேல் படிந்துள்ள அந்த வழவழப்பான படலத்தை அழுக்கு என்று கருதுவது வழக்கம். உண்மையில் அது பாசியும், கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்ணுயிர்களும் கூடி வாழும் குடியிருப்பாகும். குளத்து மீன்கள் நலமாக வாழ்வதற்கு அப்படலமும் ஒரு காரணம். கழுவித் துடைத்துப் புதுநீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் இல்லாத பொருள் இதுவே.

கார்வேட்டிநகரத்தில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் உள்ளது. உயிரினங்களுக்கும் அவற்றின் சூழ்நிலைக்கும் உள்ள தொடர்பைச் சிறுவர்க்கு விளக்க மீன் தொட்டியைவிட எளிய சாதனம் வேறொன்று இல்லை என்பதைப் பயிற்சி பெறும் ஆசிரியர்கள் அறிவர். ஆயினும் பல பள்ளிகளில் இம்முயற்சி ஒரே விதமாக முடிகிறது. முதல் நாள் தொட்டியில் நீர் நிரப்பப்படுகிறது. மறுநாள் பத்துப் பன்னிரண்டு மீன்கள் விடப்படுகின்றன. ஒரு வாரத்திற்குள் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆசிரியர் கவலையுற்று நீர் முழுவதையும் மாற்றுகிறார். மீன்கள் மேலும் மடிகின்றன. "நம் ஊர்த் தண்ணீர் மீனுக்கு ஆகாது" என்னும் தவறான முடிவுடன் தொட்டி அறையின் மூலைக்குச் செல்கிறது. பழுது நீரில் இல்லை. காலத்தைக் கணக்கிடாமையே பழுது.

கழிவின் போக்கு

மீன் உட்கொள்ளும் உணவிலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் கலக்கிறது. உண்ணாமல் எஞ்சிய இரையும், அழுகும் இலையும் அம்மோனியாவையே தருகின்றன. குளத்தில் நீரின் அளவு மிகுதி. மீன்களின் எண்ணிக்கை அதனை நோக்கக் குறைவு. தொட்டியிலோ 50 லிட்டர் நீரே பல மீன்களுக்குக் குடியிருப்பாகவும் கழிவிடமாகவும் அமைகிறது. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே அதில் நச்சு நிறைந்திருக்கக் கூடும்.

இயற்கையில் இவ்வம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் பிராணவாயுவுடன் சேர்த்து நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சிறிதளவிலேயே மீனுக்குத் தீங்கு விளைவிப்பவை. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. நீர்த்தாவரங்கள் அதனை உணவாகக் கொள்ளும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதாலும் அது குறையும். இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட மணல், கல், வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்வதையே பெரிதும் சார்ந்தவை. அவை போதிய அளவு பெருகி நிலைபெறும்வரை காத்திருப்பதையே தொட்டியைப் பக்குவப்படுத்துதல் என்கிறோம்.

இருபது நாள் காத்திருந்த ஆராய்ச்சி

இம்மாற்றம் உயிர்களின் செயல் என்பதைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகிய இருவரும் 1877-இல் நிறுவினர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாட்கள் அம்மோனியாவில் எவ்வித மாறுதலும் இல்லை. அதன் பின்னரே வடிநீரில் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமாயின் அது முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டும். குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியபோது நைட்ரேட் தோன்றுவது நின்றது. அதனை நீக்கி, மண் கரைத்த நீரைச் சிறிது சேர்த்தபின் மீண்டும் தொடங்கியது. ஆகவே குழாயினுள் உயிர்கள் குடியேறிப் பெருக எடுத்துக்கொண்ட காலமே அந்த இருபது நாட்கள் என்பது தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு குடும்பத்துக்கு இருவகைத் தொடர்பு உண்டு. இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், இரண்டு பொன்மீன்கள், வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்புல், அழுகும் இலைகளை உண்ணும் நத்தைகள் ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவை ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை 1850-இல் வெளியிட்டார். அதே பெயருடைய அவர் மகன், ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் இந்நைட்ரேட் மாற்றத்தை ஆராய்ந்தார். எனினும் அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரிக்கும் பணி, ரஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்கு 1890-இல் சூரிச் நகரில் கைகூடியது. மற்ற பாக்டீரியாக்கள் விரும்பும் ஊட்டப் பொருள்களில் இவை வளர்வதில்லை என்பதே முன்னையோரின் தோல்விக்குக் காரணமாயிருந்தது.

தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் இப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு மாற்றத்தையும் தனியொருவராய்ச் செய்யவல்ல நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-இல் அறியப்பட்டது.

தாமதத்தின் காரணம்

சாதாரண பாக்டீரியாக்களிற் சில, தக்க சூழ்நிலையில் இருபது நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு மடங்காகப் பெருகும். நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கோ அவ்வாறு பெருகப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும், தேவைப்படும். அம்மோனியாவை மாற்றுவதில் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். அச்சொற்பச் சக்தியைக் கொண்டே கரியமில வாயுவிலிருந்து தம் உடலை அவை கட்டிக்கொள்ள வேண்டும். வருவாய் குறைந்த குடும்பம் வீடு கட்டுவது போன்றது இது, அவசரப்படுத்த இயலாது.

பொதுவாக முதலிரண்டு வாரங்களில் அம்மோனியா உயர்ந்து பின் தணியும். அது தணியத் தொடங்கும்போது நைட்ரைட் உயரும். நைட்ரைட்டும் மறைவதற்கு மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அம்மோனியா மறைந்ததைக் கண்டு பணி முடிந்தது என்று கருதுவோரே மிகுதி. நைட்ரைட் மீனின் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பு நிறம் அடைகிறது. நீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனாலேயே.

அம்மோனியாவின் கொடுமை எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தால் அதன் நச்சு வடிவம் மிகும். 30 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில், பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.8 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும். அவ்வெண் 8 ஆனால் 7.5 விழுக்காடும், 9 ஆனால் 45 விழுக்காடும் அவ்வடிவை அடையும். கோடை வெப்பம் மிகுந்த ஊர்களில், காரத்தன்மையுள்ள கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் அத்தகைய நீரால் ஒரு நன்மையும் உண்டு. நைட்ரேட் மாற்றத்தின்போது அமிலம் உண்டாகிறது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து அதனைத் தணித்து, நுண்ணுயிர்களின் வேலை தடைப்படாமல் காக்கிறது.

செய்முறை

50 லிட்டர் தொட்டி ஒன்றைப் பள்ளியில் கீழ்க்கண்டவாறு பக்குவப்படுத்தலாம்.

முதலாவது, கழுவிய மணலும் சில கற்களும் இட்டு நீர் நிரப்புக. குழாய் நீராயின் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களையும் மீன்களையும் கொல்லும். ஆகவே அகன்ற கலத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துக. கிணற்று நீருக்கு இது தேவையில்லை. அதில் குளோரின் மருந்து இட்டிருந்தால் மட்டும் இதே முறையைப் பின்பற்றுக.

இரண்டாவது, காற்றுச் செலுத்தும் கருவியையும் பஞ்சு வடிகட்டியையும் இடைவிடாது இயக்குக. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் பிராணவாயு செலவாகிறது.

மூன்றாவது, மீன் விடுவதற்கு முன் நுண்ணுயிர்களுக்கு உணவு இடுக. பள்ளிச் சோதனைச்சாலையில் உள்ள தூய அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 0.4 கிராம் போதுமானது. இது லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தரும். கடையில் ஈயம் பூசுவதற்கென விற்கும் நவச்சாரத்தில் கலப்பு இருக்கக் கூடுமாதலால் அதனைத் தவிர்க்க.

நான்காவது, நன்கு நடைபெறும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ பிழிந்த பஞ்சின் நீரோ கிடைத்தால் சேர்க்க. காத்திருக்கும் காலம் இதனால் குறையும். நோயுற்ற மீன்கள் இருந்த தொட்டியிலிருந்து எடுத்தலாகாது.

ஐந்தாவது, இரு நாட்களுக்கு ஒரு முறை சோதனைத் துளிகளைக் கொண்டு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து எழுதுக. அம்மோனியா மறையுந்தோறும் முதல் அளவில் பாதி இடுக. முடிவில் 0.4 கிராம் இட்டு, இருபத்துநான்கு மணி நேரத்தில் இரண்டும் காணப்படாவிடில் தொட்டி பக்குவம் அடைந்தது எனக் கொள்க. பின்னர் நீரில் பாதிக்கு மேல் மாற்றி, மூன்று நான்கு சிறு மீன்களை மட்டும் முதலில் விடுக.

முதல் வாரத்தில் நீர் பால்போல் கலங்கினால் அஞ்ச வேண்டா. அது வேறு பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம், தானே தெளியும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவுவதும், நீரையும் மணலையும் ஒருசேர மாற்றுவதும் பல வார முயற்சியை ஒரு நாளில் அழித்துவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து இடுக.

மீன்களை முன்னரே விட்டுவிட்டவர்கள் இரையைக் குறைத்து, நாள்தோறும் நீரில் நான்கில் ஒரு பகுதியை மாற்றி வருதல் வேண்டும். நைட்ரைட் மிகும் நாட்களில் 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் சாப்பாட்டு உப்பு இடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளின் வழியே புகுவதைத் தடுக்கும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

இது பள்ளித் தொட்டிக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது முதல், நீரைச் சுழற்றித் தூய்மை செய்து மீன் வளர்க்கும் அமைப்புகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டு வந்துள்ளது. அவ்வமைப்பின் உயிர்நிலை அதன் உயிரிய வடிகட்டியே. தொட்டி கட்டி முடிந்த அன்றே குஞ்சுகளை இருப்பு வைக்குமாறு விற்பனையாளர் வற்புறுத்தலாம். கடன் வட்டியும் உழவரை அவசரப்படுத்தும். வடிகட்டி பக்குவமடையும் முன் ஆயிரக்கணக்கில் இருப்பு வைத்த குஞ்சுகள் மடியுமானால் அந்நட்டம் ஒரு குடும்பத்தின் நட்டம். ஆகவே குஞ்சு வாங்கும் நாளைக் குறிக்குமுன் சோதனைக் குறிப்பேட்டைக் கேட்டுப் பார்ப்பது களப்பணியாளரின் கடமையாகும். ஆறு வாரக் காத்திருப்பைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடச் செய்தல் நலம்.

ஆசிரியர்க்கோ அந்த ஆறு வாரமும் வெற்றுக் காலம் அன்று. மாணவர்கள் முறை வைத்து அளந்து, அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கட்டத்தாளில் வரையலாம். முதற்கோடு ஏறி இறங்குவதையும், இரண்டாங்கோடு அதன் பின்னே ஏறி இறங்குவதையும் தம் கையாலேயே குறித்த சிறுவன், மீன் ஒன்றும் இல்லாத தொட்டியில் என்ன நிகழ்கிறது என்று பிறர்க்கு விளக்கும் ஆற்றல் பெறுவான். மீன்கள் வந்து சேரும் நாளில் அவை ஏன் உயிரோடு இருக்கின்றன என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.